இழுத்துக் கெடுத்தது

திங்கள்
காலையிலிருந்தே வெயில். ராஜகிரிக் கோட்டைப் பக்கம் பார்த்தாலே கண் கூசுகிறது. பட்டறையில் ஒரு கேட் வெல்டிங், பாதியில் விட்டேன். குந்தி உட்கார முடியவில்லை. கீழே வீக்கம், கருநீலமாய்க் கன்றியிருக்கிறது. தொட்டால் பாதி உணர்ச்சி இல்லை.

இருபத்தாறு நாள். காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம். பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டு, போனைப் பார்த்துக் கையால் இழுக்கும் பயிற்சி. ஆணுறுப்பு நீளுமாம். வீடியோவில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவன் சொன்னான்: "உங்க மனைவி வெளிய சொல்ல மாட்டாங்க. மனசுல நினைப்பாங்க." அந்த ஒரு வரிதான். முப்பத்து மூன்று வயதில் எனக்கு ஏன் புத்தி போனது? அவன் வாயில் வெல்டிங் வைக்க வேண்டும்.

செவ்வாய்
செஞ்சி ஆஸ்பத்திரி வேண்டாம், அங்கே எல்லாரும் மாமனாருக்குத் தெரிந்தவர்கள். திண்டிவனம் பஸ். நின்றுகொண்டே போனேன், ஒவ்வொரு குலுக்கலுக்கும் உயிர் போனது.

லேடி டாக்டர். திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். அவர் சாதாரணமாகக் கேட்டார்.
"எத்தனை நாளா இழுக்கிறீங்க?"
சொன்னேன்.
"அளவு எல்லாருக்கும் இருக்கிற மாதிரிதான் இருக்கு. உள்ள சின்ன ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கு. இதோட நிறுத்துங்க. மரமரப்பு போகலைன்னா உடனே வரணும்."
குறையே இல்லாததற்கா இத்தனையும்.

புதன்
வீக்கம் கொஞ்சம் குறைவு. அந்த வீடியோவுக்குக் கீழே எழுதினேன்: 'செய்யாதீங்க, எனக்குக் காயம்.' டீ குடித்து வருவதற்குள் எழுதியதைக் காணோம். இனி எழுத முடியாதபடி என்னைத் தடுத்தும் விட்டான். மற்றவர்கள் நன்றி நன்றி என்று எழுதியிருக்கிறார்கள். போனைச் சுவரில் அடித்தேன். கண்ணாடியில் விரிசல்.

வியாழன்
சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மனைவி ஸ்டெல்லா பையில் புடவை அடுக்குகிறாள்.
"யாரு அவ?"
"எவ?"
"தெனம் போன எடுத்துகினு பாத்ரூம்ல தாப்பா. ஒரு மாசமா பாய தனியா போட்டுப் படுக்குற. நான் இன்னா பைத்தியமா?"
எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சீட்டைக் காட்டினேன். சிரிப்பாள் என்று பயந்தேன். சிரிக்கவில்லை.
"நான் எப்பனா உன்ன கொற சொன்னனா?"
"இல்ல."
"எவனோ சொன்னத நம்பிட்ட. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. ஒரு மாசமா நான் இன்னா தப்பு பண்ணன்னு தேடினு கெடந்தேன்."
எனக்கு வந்த கோபமெல்லாம் அவள் முகத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை.
பையைத் தூக்கிக்கொண்டாள். அனந்தபுரத்தில் அவள் அம்மா வீடு. வாசலில் நின்று சொன்னாள்:
"போன் கீன் பண்ணாத. பேசணும்னா நேர்ல வா."

வெள்ளி
பட்டறைக்கு லீவு சொல்லியாயிற்று. சட்டை தேய்த்தேன். அனந்தபுரம் பஸ்ஸில் உட்கார்ந்து போக முடியாது, நின்றே போகிறேன்.