ஆறு கொடுவா

தைனான்
3 நவம்பர் 2008

அன்புள்ள அண்ணா,

போனில் கத்தினால் தெருவுக்கே கேட்கிறது, உனக்குத்தான் கேட்பதில்லை. அதனால் எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன். புற்று வந்த சிறுநீரகத்தையும் அதன் குழாயையும் எடுத்துவிட்டார்கள். வயிற்றில் சின்னச் சின்னப் பொத்தல்கள், எடுத்ததை வெளியே இழுக்க அடிவயிற்றில் ஒரு கீறல், அவ்வளவுதான். மறுநாளே நடந்தேன்.

நீ அனுப்பிய கொடுவா மீன் வந்தது. காயம் ஆறக் கொடுவா சூப் குடிக்க வேண்டும், சரி. அதற்காக ஆறா? பக்கத்துக் கட்டில் அம்மாள், "உன்னை ரெண்டா வெட்டிட்டாங்கன்னு நெனச்சிட்டாரா உங்கண்ணன்?" என்றாள். சிரித்ததில் தையல் வலித்தது.

தங்கை
சூ-சின்

பெய்மென்
9 நவம்பர்

அன்புத் தங்கைக்கு,

இதே நோய்க்கு அப்பாவை முதுகிலிருந்து தொப்புள் வரை வெட்டினார்கள். அதை நினைத்துத்தான் ஆறு. அதன்பிறகு அவர் வலையே இழுக்கவில்லை, பாவம்.

நம் குளத்தில் பால்மீன் நன்றாக விளைந்திருக்கிறது. அடுத்த குளத்துக்காரர் ஒருவருக்குச் சிறுநீரில் ரத்தம் போகிறதாம். வலி இல்லையாம், வெயில் சூடு என்கிறார். உன் டாக்டர் கிழவர்களுக்கும் பொத்தல் போடுவாரா? சும்மா கேட்கிறேன்.

பிங்-ஹுய்

தைனான்
14 நவம்பர்

அண்ணா,

அடுத்த குளம் வறண்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. அதில் எந்தக் குளத்துக்காரர்?

அப்பா, நீ, நான் எல்லோரும் நம் ஊர் ஆழ்கிணற்றுத் தண்ணீரிலிருந்த ஆர்சனிக் நஞ்சைத்தான் குடித்தோம், இந்தப் புற்று அதனால்தான் என்கிறார்கள். எனக்கும் வலியில்லாமல்தான் தொடங்கியது. பயமாக இருக்கிறது அண்ணா. டாக்டரிடம் கேட்டேன். "வயசு கெடக்கட்டும், தள்ளிப்போடாம கூட்டிட்டு வாங்க" என்றார். திங்கட்கிழமைக்குப் பதிந்துவிட்டேன். அந்தக் குளத்துக்காரர் வராவிட்டால், தையலோடு பஸ் ஏறி நானே வருவேன்.

சூ-சின்

தைனான், ஆஸ்பத்திரி
2 டிசம்பர்

அன்புத் தங்கைக்கு,

உனக்குச் சளி என்று வார்டுக்குள் விடவில்லையாமே, அதனால் உன் அண்ணியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். குளத்துக்காரர் நலம். ஒரு பக்கத்துச் சிறுநீரகம் போயிற்று, மற்றது நன்றாக இருக்கிறதாம். நோய் பரவவில்லை. நேற்று நடந்தேன். சட்டையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இவ்வளவுதானா என்று.

வலை இழுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "புத்தாண்டு கழியட்டும், அப்புறம் இழுங்க" என்று பலகையில் எழுதிக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நீ கொடுவா அனுப்பாமல் இருக்கமாட்டாய். ஒன்று போதும். இஞ்சியைத் தாராளமாகப் போடு.

அண்ணன்
பிங்-ஹுய்