சிவந்துபோன துப்பட்டி

சிங்காநல்லூர்
12.3.1995

அன்பு மகள் சண்முகப்ரியாவுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அம்மா முக்கால் சுகம், மீதிக் காலுக்கு டாக்டர் இரும்பு பிளேட் வைத்திருக்கிறார். பிலாஸ்பூரில் நீயும் மாப்பிள்ளை கதிரும் கைக்குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க மருதமலையானைக் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா படுத்தபிறகு துணியெல்லாம் யார் துவைக்கிறார்கள் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். நான்தான், சிரிக்காதே. அவள் காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்ட நாள் வரைக்கும் நான் என் கைக்குட்டையைக்கூட நனைத்தது இல்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு சோப்புக்கட்டியைப் பிடிக்கத் தெரியவில்லை. ஆபரேஷன் கட்டுத்துணியில் கசிந்த ரத்தம் பட்ட பாவாடையைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டேன், கறை நன்றாக வெந்து துணியோடு ஒட்டிக்கொண்டது. ரத்தத்துக்குப் பச்சைத்தண்ணீர்தான் என்று உன் அம்மா கட்டிலில் இருந்தபடியே தலையில் அடித்துக்கொண்டாள். எண்ணெய்க் கறைக்கு அரப்புத்தூள், பேனா மைக்கு எலுமிச்சையும் உப்பும், இப்படி ஒவ்வொன்றாகத் திட்டு வாங்கித்தான் படித்தேன். என் வேட்டியும் அவளுடைய சிவப்புச் சீலையும் ஒரே பக்கெட்டில் ஊறியதில், கோபாலசாமி வீட்டுக் கல்யாணத்துக்கு ரோஸ் கலர் வேட்டியில் போய் வந்தேன். எந்தக் கட்சிக்கு மாறினீர்கள் என்று நாலு பேர் கேட்டார்கள்.

இதெல்லாம் வேடிக்கை, விஷயம் வேறு. பெட்பேன் வைப்பதும் எடுப்பதும் நான்தான் என்று ஆனதிலிருந்து உன் அம்மா என் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். போன திங்கட்கிழமை கட்டிலுக்கு அடியில் எறும்புச் சாரை போனது. குனிந்து பார்த்தால் ஒரு துண்டு, முழுக்கக் காப்பி. நான் அந்தப் பக்கம் திரும்பியதும் காப்பி, கஞ்சி, தண்ணீர் எல்லாவற்றையும் துண்டுக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, "குடிச்சா வருமுங்க, வந்தா நீங்க எடுக்கோணும். இருவத்தெட்டு வருசத்துல உங்க முன்னால காலை நீட்டி உக்காந்ததில்லைங்க நானு" என்றாள். டிப்போவில் பேசிப் பழகிய பாஷையில் இதற்கு ஒரு வார்த்தை இல்லை. "சின்ன வயசுல எத்தன மாட்டுக்குச் சாணி அள்ளியிருக்கறேன், இதுல என்ன புள்ள" என்று ஆறுதல் சொன்னேன். மாட்டோடு சேர்த்ததற்காக மத்தியானச் சோற்றையும் தொடவில்லை. டாக்டரிடம் போய்ச் சொன்னதற்கு, தண்ணீர் குடிக்காவிட்டால் கிருமி சேரும், சிறுநீரில் ரத்தம் கண்டால் உடனே தூக்கி வாருங்கள் என்று என்னைப் பயமுறுத்தி அனுப்பினார்.

வியாழக்கிழமை ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பினால், கட்டிலில் விரித்திருந்த துப்பட்டியில் மஞ்சளாக ஒரு திட்டு. ஏற்கெனவே வெட்கத்தில் செத்துக்கொண்டிருக்கிறவளிடம் இது என்ன என்று கேட்கவேண்டாம் என்று, நானும் நாகரிகமாக வாய் திறக்காமல், அவளை ஒருக்களித்து வேறு துப்பட்டி விரித்துவிட்டு அதைப் பின்பக்கம் கொண்டுபோய் சோப்புப் போட்டேன். கண் முன்னாலேயே மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறியது கண்ணு. சொட்டச் சொட்ட அந்தத் துப்பட்டியோடு தெருவில் ஓடி, பக்கத்து வீட்டு டாக்ஸி ஜபருல்லாவைச் சோற்று வட்டலிலிருந்து எழுப்பி, "வண்டியெடு சாமி, எம்பொஞ்சாதி மாரியாத்தா நம்மள உட்டுட்டுப் போயிருவா" என்று அழுதேன். ஆமாம், அழுதேன்.

நாங்கள் தூக்கப்போனபோது அவள் துப்பட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, இதுக்கு என்ன போட்டீங்க" என்றாள். சோப்பு என்றேன். "அது மஞ்சளுங்க. காலைல நீங்க இல்லாதப்ப காங்கேயத்துல இருந்து ராசம்மா அக்கா வந்து இந்தக் கால் முட்டி வீக்கத்துக்கு மஞ்சப் பத்துப் போட்டுட்டுப் போச்சு. வைவீங்கன்னு சொல்லலைங்க. மஞ்சள்ல சோப்புப் பட்டாச் செவக்குமுங்க, வெயில்ல போட்டாப் போயிரும்" என்றாள். ஜபருல்லா சோற்றுக் கையோடு நின்று, "ஏனுங்கண்ணா, மஞ்சளையா ஆசுபத்திரிக்குக் கொண்டுபோறோம்" என்று கேட்டார். உன் அம்மாவுக்கு அதில் சிரிப்புப் பிடித்துக்கொண்டது. கால் வலிக்கிறது என்று தொடையைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள், மூச்சு வாங்கச் சிரித்தாள், சட்டென்று நிறுத்தினாள். புதுத் துப்பட்டி நனைந்திருந்தது. ஜபருல்லா வெளியே போய்விட்டார். மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள் என்று நான் பயந்து நின்றேன். அவளோ, "சிரிக்க வெச்சது நீங்க, நீங்களே தொவைங்க" என்று சொல்லிவிட்டு மீண்டும் சிரித்தாள். சாயங்காலம் அவளாகவே கேட்டு இரண்டு டம்ளர் காப்பி குடித்தாள்.

குழந்தை கக்கிய பால் துணியை முதலில் பச்சைத்தண்ணீரில் அலசு, வெந்நீர் வேண்டாம். மாப்பிள்ளையையும் துவைக்கச் சொல், ரயில்வே உத்தியோகம் அதனால் போய்விடாது. பேரனுடைய போட்டோவை மறக்காமல் அனுப்பு. மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு இருங்கள்.

இதுவரை எழுதியதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். துப்பட்டி நனைந்த வரியை அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டுங்க, நம்ம புள்ளைதானே" என்றாள்.

அன்புள்ள அப்பா,
வேலுமணி