இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி

யூன் 12, காலை 10.40. பதினொன்று.

என் அன்பு அத்தான்,

பதினொன்று என்பது நீங்கள் சிவப்புப் பொத்தானை அழுத்திய தடவைகள். முதல் தடவை பகல் 2.05. கடைசித் தடவை 4.50. நாங்கள் இரண்டு பேரும் புரோகிராம் எழுதி வள்ளத்தில் பூட்டிய ஆபத்துப் பெட்டியின் நினைவட்டையில் பதினொரு பதிவுகளும் அப்படியே இருக்கின்றன. பதினொன்றிலும் ஒரே எண்தான், புரோகிராம் எந்த இடத்தில் செத்தது என்று காட்டும் முகவரி. செத்த பெட்டி தானாக எழும்பியிருக்கிறது. நீங்கள் மறுபடி அழுத்தியிருக்கிறீர்கள். அது மறுபடி அதே இடத்தில் செத்திருக்கிறது.

இதை மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. நீங்களும் சுற்றி வளைத்தால் எழும்பிப் போகிற ஆள்தானே.

வீட்டுச் செய்தி கொஞ்சம். சின்னவள் நடக்கத் தொடங்கிவிட்டாள். உங்கள் வள்ளம் மூன்றாம் நாள் தலைமன்னார்ப் பக்கம் ஒதுங்கியது, நீங்கள் ஐந்தாம் நாள். வள்ளத்தை நாங்கள் விற்கவில்லை. பேசாலைக் கரையில் கவிழ்த்து வைத்திருக்கிறோம். அக்கா அந்தப் பக்கம் போவதில்லை. ஏன் போவதில்லை என்று உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்களை அடக்கம் செய்த கிழமை மீனவர் சங்கத்தில் கூட்டம் வைத்தார்கள். பெட்டியை மேசையில் வைத்துவிட்டுத் தலைவர் என்னைக் கேட்டார்.

"தம்பி, கடலில எஞ்சின் நிண்டால் பொத்தானை அமத்துங்கோ, கரைக்குச் செய்தி வருமெண்டு சொன்னனீங்கள். வரேல்ல. ஆரின்ர பிழை?"

"அத்தான் எழுதின பக்கத்திலதான் இருக்கும்" என்றேன். "என்ர பக்கம் சரி."

பின்வாங்கிலிருந்து ஒருவர், "கடற்கரை விஞ்ஞானி தன்ர பெட்டியாலயே போய்ச் சேர்ந்திட்டார்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இப்போது அந்தப் பேச்சைக் கடற்கரையில் அக்காவின் காதுபடவே சொல்கிறார்கள்.

எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன்? நிச்சயம் ஒன்றும் இல்லை. அந்த எண்ணைத் தவிர என் கையில் வேறெதுவும் இல்லை, அதற்கும் நான்தான் காரணம். பெட்டியின் நினைவகம் சின்னது, புரோகிராம் பெரிது என்று, எந்த எண் எந்த வரி எனக் காட்டும் பெயர்களை எல்லாம் அதிலிருந்து உரித்து எறிந்தவன் நான். "மெஷினுக்கு எண் காணும், பேர் தேவையில்லை" என்றேன். நீங்கள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தீர்கள். தலை நிமிராமலே சொன்னீர்கள்: "மெஷினுக்குத் தேவையில்லை மச்சான். பிழைச்சால் தேடுற மனுசனுக்குத் தேவை. உரிக்காத கொப்பி ஒண்டை வை." அப்படி ஒரு பிரதியை நான் வைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஓ.எல். வரைக்கும் மட்டும் படித்து, போனைப் பார்த்துப் புரோகிராம் எழுதப் பழகின மனிசன் எனக்குச் சொல்லவா என்று நினைத்தேன்.

மூலக் கோட் என்னிடம் இருந்தது. ஆனால் பிறகு நான் திருத்தித் திருத்தி அது வேறாகிவிட்டது. ஒரு வரி கூடினாலும் முகவரிகள் எல்லாம் தள்ளிப்போகும். தேட முடியாது என்று எல்லோருக்கும் சொன்னேன். தேட விரும்பவில்லை என்பதும் உண்மை.

இன்று காலை எட்டு மணிக்கு அக்கா ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்தா. சின்னவளின் ஞானஸ்நானப் பத்திரத்தைத் தேடி அலுமாரியைக் கிண்டும்போது அகப்பட்டதாம். அதில் ஒரேயொரு கோப்பு. நான் உரிப்பதற்கு முதல் நீங்கள் எடுத்து வைத்த கொப்பி.

"இதில என்ன கிடக்கு?" என்று கேட்டா.

"கொம்பைல் செய்யேக்க, அதாவது எழுதினதை மெஷினுக்கு விளங்குற கட்டளைகளா மாத்தேக்க, அந்தக் கட்டளைகளுக்குப் பக்கத்தில ஒரு அட்டவணையும் எழுதப்படும். இந்த எண் இந்தக் கோப்பில இத்தனையாம் வரி, இந்த எண்ணில நிக்கிறது இந்தப் பெயர் எண்டு. ஓடுறதுக்கு அது வேண்டாம். பிழை தேடுற டிபகருக்குத்தான் வேணும்."

"அப்ப அவர் எங்க பிழை விட்டவர் எண்டு இது சொல்லுமோ?"

"ஓம்."

அக்கா கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டா. தேத்தண்ணி இரண்டு பேருக்கும் ஆறியது.

முதலில் அடையாள எண்ணைப் பார்த்தேன். கொம்பைல் செய்யும்போது புரோகிராமில் குத்தப்படும் எண் அது. உரித்தாலும் போகாது. பெட்டியில் இருந்த எண்ணும் கொப்பியில் இருந்த எண்ணும் கடைசி இலக்கம் வரைக்கும் பொருந்தின. பிறகு அந்த முகவரியைக் கொடுத்தேன். ஒரு நொடிகூட எடுக்கவில்லை.

கோப்பு: கரைநேரம். வரி: 212.

கரைநேரம் நான் எழுதினது, அத்தான். கரைக்கு உள்ள தூரத்தை வள்ளத்தின் வேகத்தால் வகுத்து, எத்தனை நிமிடத்தில் கரை வரும் என்று கணக்கிட்டுச் செய்தியோடு அனுப்புகிற பகுதி. பேசாலை வீதியில் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டே பொத்தானை அழுத்திச் சோதித்தோம். வேலை செய்தது. வள்ளத்தில் ஓடிக்கொண்டே அழுத்தினோம். வேலை செய்தது. நிறுத்திவிட்டு ஒருதரம்கூட அழுத்திப் பார்க்கவில்லை. எஞ்சின் நின்றவன்தானே அந்தப் பொத்தானை அழுத்துவான். நின்ற வள்ளத்தின் வேகம் பூச்சியம். பூச்சியத்தால் எதையும் வகுக்க முடியாது. வகுக்கப்போய், செய்தி வெளிக்கிட முதலே புரோகிராம் செத்திருக்கிறது.

பதினொரு தடவை.

அக்கா திரையில் விரல் வைத்தா. "இதில உன்ர பேரெல்லோ கிடக்கு."

கொம்பைல் செய்த இடத்தையும் அந்த அட்டவணை எழுதி வைக்கும். என் கணினி, என் பெயரில் உள்ள கோப்புறை.

"கொம்பைல் செய்த மெஷின் என்ர. அதுதான்" என்றேன்.

அது பொய்யில்லை. உங்கள் கோப்புகளிலும் என் பெயர்தான் இருக்கும். ஆனால் அவ கேட்டது அதையில்லை. அக்கா விரலைத் திரையிலிருந்து எடுத்தா. பிறகு, "சரி, அவர் பாவம், தெரியாமல் விட்டிருப்பார்" என்று சொல்லிவிட்டு ஆறின தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போயிட்டா.

இன்னும் அங்கேதான் நிற்கிறா. மீன் வெட்டுகிற சத்தம் கேட்கிறது. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் எனக்கு அறைந்திருப்பீர்களா, இல்லை வரியைத் திருத்தச் சொல்லிவிட்டு வலையை எடுத்திருப்பீர்களா?

மன்னிப்புக் கேட்டு இந்தத் தாளை நிரப்பமாட்டேன். செய்யப்போவதை எழுதுகிறேன்.

1. இதை எழுதி முடித்ததும் சங்கத் தலைவருக்குப் போன் எடுப்பேன். அதே வரி உள்ள பெட்டிகளோடு இன்னும் பதினேழு வள்ளங்கள் கடலுக்குப் போகின்றன. சிவப்புப் பொத்தானை ஒருவரும் நம்ப வேண்டாம்.

2. பதினேழு பெட்டிகளையும் நானே வீடு வீடாகப் போய்க் கழற்றுவேன். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லுவேன்.

3. 212ஆம் வரியைத் திருத்துவேன். உங்கள் வள்ளத்தை நிமிர்த்திக் கடலில் இறக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு அழுத்திப் பார்ப்பேன். பதினொரு தடவை.

4. உரிக்காத கொப்பி ஒன்றைச் சங்க அலுமாரியில் பூட்டி வைப்பேன். எந்தக் கோப்பை யார் எழுதினது என்று அதன்மேல் எழுதி ஒட்டுவேன்.

5. சங்கக் கூட்டத்தைத் திரும்பக் கூட்டச் சொல்லி, அதே மேசைக்கு முன்னால் நின்று, பிழை என்னுடையது என்று சொல்லுவேன். சிரித்தவர்களும் இருக்க வேண்டும்.

6. இந்தக் கடிதத்தை உங்களுக்கு அனுப்ப வழியில்லை. குசினிக்குக் கொண்டுபோய் அக்காவின் கையில் கொடுப்பேன். அவ வாசித்து முடியும்வரைக்கும் அங்கேயே நிற்பேன். இதைக் கடைசியில் எழுதினேன், ஆனால் முதலில் செய்யப்போவது இதைத்தான்.

உங்கள் மனைவியின் தம்பி,
உங்கள் மச்சான்,
றெஜி