கடலின் மதிலும் கல்லறையின் மதிலும்

அன்பு மச்சானுக்கு,

என் கோணல்மாணல் எழுத்தை முதலில் மன்னித்துவிடுங்கள். ஒரு வரி முடிவதற்குள் கை வலிக்கிறது. ஆனாலும் நிறுத்த மனமில்லை. எழுபத்திரண்டு வயதில் கோயில் கூடத்து முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். இப்போது பேருந்துப் பலகையைப் பார்த்து ‘வேம்பார்’ என்று சத்தமாகப் படிக்கிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டுமே!

சொல்ல வந்த செய்தி நல்லதில்லை. கடல் உங்கள் கல்லறைக்குப் பத்தடி தூரத்தில் நிற்கிறது. போன வாடைக்காற்றில் கல்லறைத் தோட்டத்து மதில் சரிந்தது. முன்வரிசையில் இரண்டு சிலுவைகளைக் காணவில்லை.

அந்த மதில் நினைவிருக்கிறதா? ஆடுகள் கல்லறைமேல் ஏறி மேய்கின்றன என்று, மதில் கட்ட வீட்டுக்கு ஒரு வள்ளம் நிறையக் கல் நேர்ச்சையாகக் கொடுக்க ஊர் முடிவெடுத்தது. நீங்கள் கடப்பாரையோடு முங்கிப் பவளப்பாறையைப் பெயர்ப்பீர்கள். நான் வள்ளத்தில் நின்று கயிற்றை இழுப்பேன். மேலே வரும் கல்லில் பூ மாதிரி ஏதோ அசையும். வெயில் பட்டதும் நாறும். அது உயிர் என்று நமக்குத் தெரியாதா மச்சான்? தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தோமா?

நேர்ச்சை முடிந்தும் நாம் நிறுத்தவில்லை. சுண்ணாம்பு சுடுகிற காளவாசலுக்குக் காசுக்காக வள்ளம் வள்ளமாக ஏற்றினோம்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்க்கூட்டம். கடலைப் பற்றிப் படித்த ஓர் அதிகாரி வந்திருந்தார். “வெளிக்கடல் அலையை உடைச்சு அனுப்புறது பவளப்பாறைதான். இங்க இருந்த பாறை எங்க போச்சு?” என்று கேட்டார். கிழவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். மிச்சமிருந்த பாறையும் கடல் சூடேறி வெளுத்துச் செத்துவிட்டதாம். உலகமெல்லாம் விடுகிற புகையால் வந்த சூடாம். உடனே ஒருவர் துள்ளி எழுந்தார். “பாத்தியளா, நம்ம மேல மட்டும் தப்பில்ல!” எவ்வளவு நிம்மதி அந்தக் குரலில்! எனக்கும் அந்த நிம்மதி வந்தது. அதற்குத்தான் வெட்கப்படுகிறேன்.

உங்கள் பிலோமி, என் அக்கா, விடவில்லை.

“ஏலே சவரி, கடலுக்கு இருந்த மதில ஒடச்சா செத்தவுகளுக்கு மதில் கட்டுனிய?”

“ஆமாக்கா.”

“பெரிய மூளதாம்ல. ஆட்டத் தடுக்கக் கடலத் தொறந்து விட்டிருக்கிய.”

கல்லறைகளைச் சாலைக்கு மேற்கே மாற்றப்போகிறார்கள். சம்மதத் தாளை அக்கா என்னிடம் நீட்டினாள். “படில. இப்பதான் படிப்பாளி ஆயிட்டியே.” எழுத்தெழுத்தாகப் படித்தேன். உங்கள் பெயர் வந்த இடத்தில் நின்றுவிட்டேன். கடல் சத்தம் கேட்கிற இடத்தில்தான் புதைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். அதைச் சொல்லித்தான் அவள் இதுவரை மறுத்தாள்.

“அவர் கேட்டாரேல,” என்றாள்.

“விட்டா எலும்பும் மிஞ்சாதுக்கா.”

அவள் பெருவிரலை மையில் அழுத்தினாள். சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். கைநாட்டு வைக்காமல் என் பெயரை நான் எழுதிய முதல் தாள் அதுதான் மச்சான். உங்கள் கடைசி ஆசைக்கு எதிராக.

வெள்ளிக்கிழமை தோண்டுகிறார்கள். வேறு யாரையும் விடமாட்டேன். உங்களை நான்தான் தூக்குவேன். புது இடத்தில் கடல் கேட்காது, லாரிகள்தான் கேட்கும். அடுத்த வாரம் அங்கேயே உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, காதில் விழுவது எதையும் ஒளிக்காமல் உங்களுக்கு எழுதுவேன்.

உங்கள் பெண்டாட்டியின் தம்பி,
சவரிமுத்து