வீட்டுக்காரன் உட்காரக் கூடாத நாள்

நவம்பர் 11

மாரிபோரிலிருந்து என் விண்ணப்பத்துக்குப் பதில் வந்துவிட்டது. ஸ்லோவேனியர்களுக்கு நான் வேண்டுமாம். லெஸ்கோவட்ஸ் பம்புத் தொழிற்சாலையில் பதினைந்து வருடமாக யாரும் என்னை வேண்டும் என்று சொன்னதில்லை. படித்தபோது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

அங்கே புதிய பம்புகளை நானே வடிவமைக்கலாம். இங்கே ‘வடிவமைப்பாளர்’ என்று கதவில் எழுதியிருக்கிறது. உள்ளே உட்கார்ந்து நான் செய்வது, நான் பிறப்பதற்கு முன் யாரோ வரைந்த பம்புக்கு இந்த வருடம் என்ன வண்ணம் பூசலாம் என்று யோசிப்பது. போன வருடம் நீலம்.

மனைவி ஸோரிட்சாவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள்.

“நல்ல இடம்தான். நான் அங்க வந்து என்ன பண்றது? உன் சூப்புல உப்பு பாக்கறதா?”

அவளுக்கு நீதிமன்றத்தில் நிரந்தர வேலை. அவள் படித்த சட்டம் எல்லைச்சாவடியில் செல்லாக் காசாகிவிடும்.

நவம்பர் 15

நோவி சாதிலும் ஓர் இடம் உண்டு. நம் நாடு, நம் மொழி, பஸ்ஸில் ஆறு மணி நேரம். நடுவழி என்று பெருமையாகச் சொன்னேன்.

“வாரக் கடைசியில அழுக்குத் துணியோட வந்து தூங்கிட்டுப் போவே. அது புருஷனும் இல்ல, வெளிநாட்டுக்காரனும் இல்ல. போறதுன்னா ஒழுங்காப் போ.”

இஸ்க்ராவுக்கு ஒன்பது வயது. விஷயத்தை முழுவதும் கேட்டுக்கொண்டு, “அப்பா, நீ போனா உன் சைக்கிள் எனக்கா?” என்றாள். இந்த வீட்டில் தெளிவாகச் சிந்திப்பவள் அவள் ஒருத்திதான்.

நவம்பர் 24

இயக்குநர் புடிமிர் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வடிவமைப்புப் பிரிவுத் தலைவர் ஓய்வு பெறுகிறார், இடம் எனக்கு. கதவைச் சாத்தினால் அவர் உண்மை பேசுவார் என்பது தொழிற்சாலையின் நம்பிக்கை.

“புது வருஷம் வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே, நெபோய்ஷா. உங்கப்பாகிட்டயும்தான். அவர்கிட்ட சொன்னா ஸ்டேஷன்ல அறிவிச்ச மாதிரி.”

புதிய பம்பு வரையலாமா என்றேன். “எத்தனை வேணும்னாலும் வரைஞ்சுக்கோ” என்றார். செய்வோம் என்று அவர் சொல்லவில்லை. அதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

டிசம்பர் 3

தூக்கமில்லை. மாரிபோர் என்றால் வேலை உண்டு, இவர்கள் இல்லை. இங்கே என்றால் இவர்கள் உண்டு, வேலை — பாதி. பாதி போதாதா? என் அப்பாவுக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் அவர் எனக்காகக் கட்டிய மாடிக்கு இருபது வருடமாக வெளிப்பூச்சு இல்லை. எங்கள் ஊரில் யாரும் எதையும் முழுதாக முடிப்பதில்லை. முடித்துவிட்டால் பிள்ளைகள் திரும்பி வரக் காரணம் இருக்காது என்ற பயம்.

டிசம்பர் 16

முடிவு செய்துவிட்டேன். இருக்கிறேன்.

ஸோரிட்சாவிடம் மட்டும் சொன்னேன். என் கோட்டில் ஆடிக்கொண்டிருந்த பொத்தானைத் தைத்துக் கொடுத்தாள். மாரிபோருக்கு மறுப்பு எழுதிவைத்திருக்கிறேன். ஸ்லாவா முடிந்ததும் அனுப்பலாம். வீட்டுப் புனிதரின் அந்த நாளுக்கு முன் எதையும் மறுப்பது நன்றாயிராது என்று ஓர் எண்ணம். எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது.

டிசம்பர் 19

புனித நிக்கோலா. பயணிகளின் காவலர். அவரை வருடாவருடம் வீட்டை விட்டு நகராமல் கொண்டாடுகிறோம்.

ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை, வருகிறவர் வருவார். புடிமிரும் வந்தார். வாசலில் விருந்தாளிகளுக்கு நீட்டும் வெந்த கோதுமையில் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு, அப்பா நின்ற இடத்துக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். விருந்தாளிகளுக்குப் பரிமாறும் வீட்டு ஆண்கள் இன்று உட்காரக் கூடாது. அப்பா கோப்பையோடு நின்றார், நான் மீன் தட்டோடு.

பக்கத்து வீட்டு ஸ்விலென் ஆரம்பித்தார். அவர் மகன் ஆஸ்திரியாவில் லாரி ஓட்டுகிறான்; ஆஸ்திரியாவே அவன் இல்லாமல் நகராது என்பது போல் பேசினார். அப்பா எவ்வளவு நேரம் தாங்குவார்?

“லாரி எல்லாம் சரிதான் ஸ்விலென். எம்பையனை ஸ்லோவேனியாக்காரன் வா வான்னு கூப்பிடறான். மூளைக்காகக் கூப்பிடறான்யா, முதுகுக்காக இல்ல. வருஷம் பொறந்தா கிளம்பிடுவான். குடிங்க எல்லாரும்!”

மாரிபோர் விஷயத்தை இஸ்க்ரா சொல்லியிருக்கிறாள். என் முடிவை அவரிடம் யாரும் சொல்லவில்லை. யாரும் என்றால் நான்.

இருபது பேர் எழுந்து கோப்பையை உயர்த்தினார்கள். ஸோரிட்சா சமையலறை வாசலிலிருந்து என்னைப் பார்த்தாள். ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஸ்லாவா அன்று, நின்றுகொண்டிருக்கும் தகப்பனை, விருந்தாளிகளுக்கு முன்னால் —

“மீன் போட்டுக்கோங்க” என்றேன்.

புடிமிர் இரண்டு துண்டு போட்டுக்கொண்டார்.

டிசம்பர் 23

பிரிவுத் தலைவர் நியமனம் ஆகிவிட்டது. புடிமிரின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழராக நின்றவருடைய மகன். வயது இருபத்தேழு. புடிமிரின் அறைக்குப் போனேன். இந்த முறை கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

“நான் என்னப்பா பண்றது? நீ போறேன்னு உங்கப்பாவே சொன்னாரே. ஸ்லாவா அன்னிக்கு, மெழுகுவத்தி எரியறப்போ. அவரைப் பொய்யன்னு சொல்லச் சொல்றியா?”

வெளியே வந்தால், ஊரை விட்டுப் போகிறவன் விருந்து வைக்க வேண்டுமே என்று சகாக்கள் வழிமறித்தார்கள். வைத்தேன். புது மேலதிகாரியும் வந்து சாப்பிட்டான். “அண்ணே, போறதுக்குள்ள வேலையெல்லாம் கொஞ்சம் சொல்லிக் குடுத்துடுங்க.”

நோவி சாதைக் கேட்டேன். ஆள் எடுத்தாயிற்றாம்.

டிசம்பர் 24

எழுதிவைத்த மறுப்பைக் கிழித்துவிட்டு, வருகிறேன் என்று எழுதினேன்.

அப்பாவிடம் நடந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் தாங்க மாட்டார் என்று ஸோரிட்சாவிடம் சொன்னேன்.

“நாங்க தாங்குவோமா?” என்றாள். பிறகு பெட்டியை இறக்கித் துடைத்தாள்.

மார்ச் 8, மாரிபோர்

நான் வரைந்த பம்பு ஓடியது. நல்ல பம்பு. சொல்ல யாருமில்லை, அறையை வாடகைக்கு விட்ட கிழவியிடம் சொன்னேன். குழாய் ஒழுகுகிறதா என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 2

போனில் இஸ்க்ரா. சைக்கிள் இருக்கையை உயர்த்தியாயிற்றாம். “யார் உயர்த்தினது?” “நானேதான்.”

டிசம்பர் 19, லெஸ்கோவட்ஸ்

பஸ் தாமதம். நான் வரும்போது வீடு நிறைந்திருந்தது. இஸ்க்ரா வாசலில் கோதுமைத் தட்டோடு நின்றாள். வந்தவர்களுக்கெல்லாம் நீட்டிய கையோடு எனக்கும் நீட்டினாள். சிலுவைக் குறி போட்டு ஒரு கரண்டி எடுத்துக்கொண்டேன். அது விருந்தாளிக்கு என்பதை அவளும் கவனிக்கவில்லை.

உள்ளே அப்பா கோப்பையோடு நின்றிருந்தார். “ஸ்லோவேனியாவிலேர்ந்து வந்திருக்கான்!” என்று எல்லோருக்கும் அறிவித்தார். ஸோரிட்சாவின் கையிலிருந்த மீன் தட்டை வாங்கப் போனேன். அவள் கொடுத்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் அப்பா தோளைப் பிடித்து அழுத்தினார்.

“நீ உக்காருப்பா. அவ்வளவு தூரம் வந்திருக்கே.”

புடிமிர் தள்ளி இடம் கொடுத்தார். உட்கார்ந்தேன்.

மீன் நன்றாக இருந்தது.