கடைசி ஸ்டாப் வரை

என்னங்க,

தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன்; சாயங்காலம் வந்துவிடுவேன். சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன்; என் மேல் உள்ள கோபத்தைச் சோற்றில் காட்டாமல் சாப்பிடுங்கள்.

நேற்று பஸ்ஸில் கடைசி ஸ்டாப் வரை ஏன் எழுப்பவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்களே, கேளுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் தோளில் சாய்ந்து குறட்டை விட்டீர்கள். முன் சீட்டிலிருந்து எழுப்பக் கை நீட்டினேன். “விடுங்கம்மா, அசந்து தூங்குறார். என் ஸ்டாப்பே போயிடுச்சு, போனா போகட்டும்” என்று சிரித்தார். அவர் சட்டையெல்லாம் உங்கள் தலை எண்ணெய்! ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் அப்படித் தூங்கி நேற்றுதான் பார்த்தேன். எனக்கு எழுப்ப மனசு வருமா?

மாத்திரை டிவி பக்கத்தில் இருக்கிறது.

மறந்துவிட்டேன்: ராத்திரி தூக்கம் வராவிட்டால் தனியாக உட்கார்ந்திருக்காமல் என்னை எழுப்புங்கள். எனக்கும் தோள் இருக்கிறது.