மிர்தாலிக்குப் பைத்தியம் இல்லை

ஏதென்ஸிலிருந்து அம்மா ஆர்க்கிப்பே, அலெக்சாந்திரியாவில் இருக்கும் மகன் டெய்சியாசுக்கு எழுதுவது. மகிழ்ந்திரு மகனே. நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் இருப்பதாக உன் கடிதத்தில் படித்ததும் அத்தீனாவுக்கு ஒரு கும்பிடு போட்டேன். இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை, அதுவும் வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறது. உன் கடிதத்தின் பின்பாதியைப் படித்துத்தான் இதை இத்தனை அவசரமாக எழுதுகிறேன். கார்த்திகை நட்சத்திரங்கள் மறைந்து, புயல் காலம் வந்து கப்பல்கள் நிற்பதற்குள் தங்கையை அழைத்துவர ஆள் அனுப்புகிறேன், அவளைத் தானிய வியாபாரி டெமிலோசுக்குக் கட்டிவைக்கப் பேசி முடித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். உன்மேல் தப்பில்லை. தங்கைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, ஒரு தோட்டத்தில் கூடி இன்பம்தான் வாழ்க்கை என்று பாடம் நடத்துகிற கும்பலோடு சேர்ந்து குடும்ப மானத்தை வாங்குகிறாள் என்று வசந்த காலத்தில் உனக்கு எழுதியவள் நான்தானே. நான் அவசரக்காரி என்று உன் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போனபின் இந்த வீட்டுப் பெண்களுக்கு நீதான் பொறுப்பு, நீ பேசி முடித்த கல்யாணத்தை நீயே நிறுத்தினால்தான் உண்டு. அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

மாப்பிள்ளை கல்லிப்போஸ் கப்பலோடு மூழ்கிப்போன பிறகு மிர்தாலி இருந்த இருப்பு உனக்கு முழுதாகத் தெரியாது. உடல் கிடைக்கவில்லை, அடக்கம் செய்ய வழியில்லை. மண் விழாதவன் அக்கரை போக முடியாமல் பாதாள ஆற்றங்கரையிலேயே பசியோடு அலைவான் என்று நம் ஊரில் யார்தான் சொல்லவில்லை? அதைப் பிடித்துக்கொண்டாள். கோட்டைவாசலுக்கு வெளியே அவனுக்காக நாம் எழுப்பிய வெறும் கல்லறைக்குத் தினமும் தேன் பணியாரம் சுட்டு எடுத்துப் போவாள். அவர் பசியோடு அலையும்போது எனக்கு எப்படி இறங்கும் என்று தன் தட்டைத் தள்ளிவிடுவாள். எதற்கும் கலங்கக் கூடாது என்று போதிக்கிற ஓவிய மண்டபத்துக்காரர்களிடம் பாடம் கேட்கிற உன் மாமா ஒருநாள் ஆறுதல் சொல்ல வந்தார். “கப்பல் கவுந்தது உன் கையில இல்லம்மா, அழுவறது மட்டும்தான் உன் கையில இருக்கு, அதை நிறுத்து” என்றார். அன்றைக்கு இரண்டு பங்கு அழுதாள். கை வளையல் முழங்கைவரை ஏறி இறங்கும் அளவுக்கு இளைத்துப்போனாள், இவளும் போய்விடுவாள் என்றே நான் நினைத்தேன்.

அப்புறம் குளிர் முடிந்த சமயத்தில் ஒருநாள் பணியாரக் கூடையோடு போனவள் பொழுது சாயும்போது வெறுங்கையோடு வந்தாள். பணியாரத்தை என்ன செய்தாய் என்று கேட்டால், வழியில் ஒரு தோட்டம் இருக்கிறது, அங்கே இருந்தவர்களோடு பங்கு போட்டுச் சாப்பிட்டோம் என்று சொல்லிச் சிரித்தாள். செத்தவனுக்கு வைத்த பண்டத்தைத் தின்றுவிட்டுச் சிரிக்கிறாளே என்று பயந்துபோனேன். மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள், வீட்டில் மட்டும் ஒரு வாய் தொடவில்லை. பக்கத்து வீட்டு சிமிகேயைத்தான் உனக்குத் தெரியுமே, அவள் வாய்க்குப் பூட்டு ஏது! “அக்கா, அங்க குடியும் கூத்துமாம். தின்னுட்டு வாந்தியெடுத்துட்டு மறுபடி திங்கிறாங்களாம். ஆம்பளை பொம்பளை அடிமை எல்லாம் ஒரே பந்தியாம். நேத்து பன்னெண்டு ஜாடி உள்ள போச்சு, நான் எண்ணினேன்” என்றாள். அந்தப் பயத்தில்தான் உனக்கு எழுதினேன். அதோடு விட்டேனா, வேர் விற்பவனிடம் போய்ப் பைத்தியம் தெளியக் கொடுக்கிற கருப்பு வேரை வாங்கி வந்தேன். அளவு கொஞ்சம் கூடினால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று அவன் சொல்லித்தான் கொடுத்தான். அரைத்துப் பயறு கஞ்சியில் கலந்து, தேனும் விட்டு, அவள் முன்னால் வைத்தேன். எப்போதும் தள்ளிவிடுகிறவள் கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டு, “அம்மா, இன்னைக்குப் பசி உயிர் போகுதும்மா” என்றாள். டெய்சியாஸ், பசி என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் கை தானாகப் போய்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டது.

தரையெல்லாம் கஞ்சி. அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். கோபப்படுவாள் என்று பார்த்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். “நாளைக்கு இருபதாம் தேதி, மாசாமாசம் அங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடற நாள். நீயே வந்து பாரும்மா, பிடிக்கலைன்னா அப்புறம் வேர் குடு, குடிக்கிறேன்” என்றாள். முகத்தை மூடிக்கொண்டு, சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஒரு ஜாடி ஊறவைத்த ஆலிவ் மட்டும் எடுத்துக்கொண்டேன். சிமிகே எண்ணிய பன்னிரண்டு ஜாடியும் முட்டைக்கோஸ் பாத்திக்கு ஊற்றும் தண்ணீரடா மகனே! பந்தி என்றால் பார்லி ரொட்டி, பயறு, கீரை, விரல் நுனியளவு பாலாடைக்கட்டி, தண்ணீர் கலந்த திராட்சைமது அரைக் கோப்பை. நம் வீட்டுக் கல்யாணத்தில் வாசலில் நிற்கிற நாய்கூட இதைவிட நன்றாகச் சாப்பிட்டிருக்கும். முன்பு விருந்துகளில் குழல் ஊதிப் பிழைத்த அந்தூசா என்பவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இதுதான் உங்கள் இன்பமா என்று அவளிடம் நக்கலாகவே கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “வயித்துல பசி இல்ல, உடம்புல வலி இல்ல, மனசுல பயம் இல்ல, பக்கத்துல நீங்க இருக்கீங்க. இதுக்கு மேல என்னக்கா வேணும்? மத்ததெல்லாம் தொட்டுக்கத்தான்” என்று சொல்லிவிட்டு என் ஆலிவை எடுத்துக் கடித்தாள்.

சாப்பிட்டு முடித்ததும், இறந்துபோன தங்கள் சிநேகிதர்களைப் பற்றி ஆளுக்கொரு சந்தோஷமான சங்கதி சொல்வது அங்கே வழக்கமாம். மிர்தாலியின் முறை வந்தது. அவள் நிதானமாகச் சொன்னாள். கல்யாணமான ஐந்தாம் நாள் கல்லிப்போஸ் நானே சமைக்கிறேன் என்று ஜம்பமடித்து மீனை அடுப்பில் போட்டு, தெருவே தண்ணீர்க் குடத்தோடு ஓடிவரும்படி புகை கிளப்பி, கரி அப்பிய முகத்தோடு வெளியே வந்து, “மீன் தப்பிச்சு ஓடிடுச்சு” என்றானாம். எல்லோரும் சிரித்தார்கள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். வரும் வழியில் அவளிடம் கேட்டேன், அவர்கள் உனக்கு என்னதான் சொல்லிக்கொடுத்தார்கள் என்று. “செத்தவங்களுக்குப் பசியும் இல்ல குளிரும் இல்லயாம்மா. அவர் எங்கயும் அலையல. அது புரிஞ்சதும்தான் எனக்குச் சோறு இறங்குச்சு” என்றாள். இதெல்லாம் மெய்யோ பொய்யோ எனக்குத் தெரியாது. தெய்வங்களுக்கு நம்மைப் பற்றிக் கவலையே இல்லை என்றுகூட அங்கே சொல்கிறார்கள், அதை மட்டும் நான் காதில் வாங்கவில்லை. உன் அப்பா கல்லறையில் பாலும் தேனும் ஊற்றாமல் என்னால் இருக்க முடியாது. அவளும் கூட வந்து குடத்தைப் பிடிக்கத்தான் செய்கிறாள். ஆனால் இப்போது நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். நானும் ஒரு வருஷத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்குகிறேன்.

டெமிலோஸ் பொல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. இரண்டு மனைவிகளைப் பறிகொடுத்த மனுஷர், அவருக்கும் வீட்டில் துணை வேண்டும். அவரிடம் பழியை என்மேல் போட்டு, கிழவி உளறிவிட்டாள் என்று சொல்லிவிடு, எனக்கு வருத்தமில்லை. இவள் புருஷனை விழுங்கிய அந்தக் கடல் வழியாகவே இவளைக் கப்பலேற்றிக் கூட்டிப்போக மட்டும் ஆள் அனுப்பாதே. நீ கூப்பிட்டால் மறுக்க மாட்டாள் என்பதுதான் என் பயம். உன் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்புறம், “அண்ணன் சொன்னா போறேம்மா. ஆனா நான் நல்லா இருக்கணும்னுதானே அண்ணன் கூப்பிடுது? நான் நல்லா இருக்கேன்னு எழுதிடு” என்றாள். அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

உன் குடும்பத்துக்கு எல்லா நலமும் சேரட்டும், உன் வாசலில் தானியமும் குழந்தைச் சத்தமும் நிறையட்டும். நைல் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே. இதைக் கொண்டுவரும் மாலுமி உன் பதிலை வாங்கிக்கொண்டுதான் கப்பலேறுவான், அவனை வெறுங்கையோடு அனுப்பிவிடாதே.

உன் அம்மா,
ஆர்க்கிப்பே